சில்லுத் திடல்: சின்ன ஊரில் ஸ்கேட் பார்க் கேட்பது பற்றி

இலங்கையின் வன்னியில், மல்லாவிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டது:
"எங்கள் ஊரில் ஸ்கேட் போர்ட் (சில்லுப் பூட்டிய பலகை) வைத்திருக்கும் பெடியள் ஐந்து பேர். பி.எம்.எக்ஸ். (மேடுகளில் பாய்ந்து ஓடும் சின்னச் சைக்கிள்) ஓடுபவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். பிரதேச சபையிடம் ஒரு ஸ்கேட் பார்க், அதாவது இவற்றை ஓட மேடும் சரிவும் கட்டிய திடல், கேட்போம் என்று சொன்னால், குடிதண்ணீருக்கே அல்லாடும் இடத்தில் இதென்ன கதை என்கிறார்கள். சின்ன ஊர் ஒன்றை இதற்குச் சம்மதிக்க வைக்க முடியுமா? வன்னியில் யாராவது முயன்றிருக்கிறீர்களா?"

2025 ஜனவரி 12

நான் முயன்றுகொண்டிருக்கிறேன். இன்னும் ஒன்றும் கட்டவில்லை, அதனால் கட்டி முடித்தவன் சொல்வதாக எடுக்க வேண்டாம்.

பரந்தன் முல்லைத்தீவு வீதியோரம் எனக்கு ஒரு சைக்கிள் திருத்தும் கடை. 2010இல் திரும்பி வந்து குடியேறியதிலிருந்து அதுதான் தொழில். கடைக்கு வரும் சைக்கிள்களைப் பார்த்துத்தான் இந்த யோசனையே வந்தது. மட்காட், கரியர், ஸ்ராண்ட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சீற்றை அடிமட்டத்துக்கு இறக்கி, பின்சில்லின் அச்சு வளைந்தபடி கொண்டு வருவார்கள். ஒரு பெடியன் ஒரே மாதத்தில் மூன்று தரம் அச்சு மாற்றினான். எங்கே பாய்கிறாய் என்று கேட்டேன். வாய்க்கால் கட்டில் வேகமெடுத்து மதகுக்கு மேலால் பாய்கிறானாம். மறுபக்கம் விழுந்தால் கொங்கிறீற். அவனுக்குப் பதினொரு வயது.

போன வருடம் ஓகஸ்டில் சபைக்கு மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். அப்போது உறுப்பினர்கள் இல்லை, 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து செயலாளர்தான் நடத்திக்கொண்டிருந்தார். கடிதத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் எழுதினேன். பி.எம்.எக்ஸ். 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில், மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்த பிள்ளைகள் சின்னச் சைக்கிளில் அதைச் செய்து பார்த்ததில் பிறந்தது என்றும், 2008இல் பெய்ஜிங்கில் ஒலிம்பிக்குக்குப் போனது என்றும், அங்கே ஆண்களுக்கான முதல் தங்கத்தை வென்ற மாரிஸ் ஸ்ட்ரோம்பெர்க்ஸ் லத்வியாவில் வால்மியெரா என்ற சின்ன நகரத்துப் பெடியன் என்றும், 2020 டோக்கியோவில் ஸ்கேட் போர்டும் சேர்ந்துவிட்டது என்றும் விரிவாக எழுதினேன். வால்மியெராவின் சனத்தொகையைவிடக் கிளிநொச்சி மாவட்டத்தின் சனத்தொகை எத்தனையோ மடங்கு. அதையும் எழுதினேன்.

பதில் ஒரு வரியில் வந்தது: நிதி இல்லை.

அன்றைக்குக் கோபமாக இருந்தது. இப்போது யோசித்தால், அந்த மூன்று பக்கத்திலும் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. வாய்க்கால் கட்டும் அந்த அச்சும் இல்லை. வாசித்தவருக்கு நான் லத்வியாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.

2025 ஜனவரி 13

ஒரு திருத்தம். 2020 டோக்கியோ என்று எழுதிவிட்டேன். பெயர்தான் அது, கொரோனாவால் போட்டி நடந்தது 2021இல். அந்தப் போட்டியில் ஸ்கேட் போர்டில் பெண்களுக்கான ஸ்ட்ரீட் (தெருவில் இருப்பது போன்ற படி, கைபிடிகளில் ஓடும்) பிரிவில் தங்கம் வென்ற ஜப்பான் பிள்ளைக்கு 13 வயது, வெள்ளி வென்ற பிரேசில் பிள்ளைக்கும் 13 வயது. இதை என் மகளுக்குச் சொன்னபோது, "அப்பா, எனக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு" என்றாள்.

2025 ஜனவரி 26

குடிதண்ணீர்க் கேள்விக்கு வருகிறேன். அதைக் கேட்பவர்களை எதிரியாக நினைக்காதீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் ஊரிலும் கோடையில் கிணறு வற்றும், பவுசரில் தண்ணீர் வரும். அதை மறுத்துக் கதைக்கப் போனால் அங்கேயே தோற்றுவிடுவோம்.

நான் செய்தது வேறு. போன கிழமை மூன்று நாள் பின்னேரம் நாலரையிலிருந்து ஆறு மணி வரை கடை வாசலில் கொப்பியை வைத்துக்கொண்டு, வீதியில் போகும் பிள்ளைகளின் சைக்கிளை எண்ணினேன். பள்ளிக்கூடச் சட்டையோடு போகிறவர்களைச் சேர்க்கவில்லை, விளையாட்டுக்காக ஓடுபவர்கள் மட்டும். முதல் நாள் 31, அடுத்த நாள் 44, வெள்ளிக்கிழமை 52. அத்தனை பேரும் டிப்பரும் பஸ்ஸும் போகும் அதே தாரில்தான் முன்சில்லைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இரண்டாம் நாள் என் கண்முன்னாலேயே ஒரு டிப்பர் ஹோர்ன் அடித்தபடி ஒரு பிள்ளையின் கைக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடியது. எனக்குக் கை நடுங்கிவிட்டது, அந்த நாள் எண்ணிக்கையை அத்தோடு நிறுத்திவிட்டேன், அதனால் 44 என்பது குறைவான கணக்கு.

இந்தக் கொப்பியின் இரண்டு பக்கத்தை போட்டோக் கொப்பி எடுத்து மறுபடி கொடுத்தேன். இந்த முறை கூப்பிட்டுக் கதைத்தார்கள். "தம்பி, காணி இருக்கோ?" என்றார்கள். அதுவே பெரிய முன்னேற்றம்.

2025 பெப்ரவரி 16

காணி. மல்லாவி வாசகர் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், பார்க்கின் படம் கீறுவதெல்லாம் பிறகு.

எங்கள் கதை: குளத்துக்குக் கீழே பற்றையாகக் கிடந்த துண்டைச் சபைக் காணி என்று நம்பி மூன்று கிழமை ஓடித்திரிந்தோம். கடைசியில் பார்த்தால் அது ஒரு திணைக்களத்தின் ஒதுக்கு நிலம், அங்கே ஒரு கல்லும் வைக்க முடியாது. வன்னியில் வெறுமையாகக் கிடக்கும் எந்தக் காணிக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். வனம், நீர்ப்பாசனம், கோயில், பள்ளிக்கூடம், வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம் என்று யாராவது இருப்பார்கள். அரச காணி என்றால் பிரதேச செயலகத்தில் காணிப் பிரிவில் கேட்க வேண்டும், பிரதேச சபையும் பிரதேச செயலகமும் வேறு வேறு. படித்தவர்கள்கூட இதைக் குழப்புகிறார்கள். கிராம அலுவலரிடம் முதலில் போங்கள். அவருக்குத்தான் ஒவ்வொரு வேலியும் தெரியும்.

இன்னொன்று. மண்வெட்டியைப் போடுவதற்கு முன்னர் அந்த இடம் மிதிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதுதானா என்று கேட்டுவிடுங்கள். மிதிவெடி இருக்கும் இடத்தைக் குறிக்க நட்ட சிவப்புத் தடிகள் பிடுங்கப்பட்டு வருடக்கணக்கானாலும் கேளுங்கள். ஆடு மேய்ந்த இடம்தானே என்று ஒருவர் சொன்னார். ஆடு இரண்டடி ஆழத்துக்குக் கிண்டுவதில்லை.

2025 மார்ச் 9

சபை விளையாட்டு மைதானத்தின் மூலையில், பழைய வலைப்பந்துத் திடலுக்குப் பின்னால் 60 அடிக்கு 35 அடி துண்டு ஒன்றைத் "தற்காலிகமாக மண்ணால் செய்து பாருங்கள்" என்று விட்டார்கள். கடிதம் தந்தார்கள். வாய்ப் பேச்சோடு தொடங்கியிருக்க மாட்டேன்.

ஸ்கேட் பார்க் செய்யக் காசு இல்லை. அதனால் பம்ப் ட்ராக் செய்தோம். விண்ணப்பத்தைப் பார்த்த எழுதுநர், "தண்ணிப் பம்போ?" என்று கேட்டார், அவர் கேட்டது சரிதான். பெடியள் அதை மேடுபள்ளம் என்கிறார்கள். வட்டமாகச் சுற்றிவரும் ஒரு பாதை, அதில் வரிசையாகச் சின்ன மேடுகள், திருப்பங்களில் உயர்த்திய மண்சுவர். பெடலே மிதிக்கத் தேவையில்லை. மேட்டில் ஏறும்போது கையையும் காலையும் மடக்கி உடம்பை இலேசாக்கி, இறங்கும்போது நீட்டி அமத்தினால் சைக்கிள் தானாக வேகமெடுக்கும். ஊஞ்சலை உன்னுவது போலத்தான். ஊஞ்சல் ஆடத் தெரிந்த பிள்ளைக்கு அரை மணித்தியாலத்தில் பிடிபட்டுவிடும்.

8 கியூப் கிரவல் மண் தேவைப்பட்டது. ஒரு கியூப் என்பது 100 கன அடி, ஏறக்குறைய ஒரு உழவியந்திரப் பெட்டி. மண் அகழவும் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும், அது உள்ளவரிடமிருந்தே எடுத்தோம். இரவோடு இரவாக இறக்கித் தருகிறேன் என்று வந்தவரைத் திருப்பி அனுப்பினேன். பிள்ளைகளுக்கான இடத்தைக் களவு மண்ணில் கட்டக்கூடாது. அப்புறம் இரண்டு சனிக்கிழமை சிரமதானம். கிரவலோடு புற்றுமண்ணைக் கலந்து, தண்ணீர் தெளித்து, மண்வெட்டியின் முதுகால் அடித்து அடித்து இறுக்கினோம். மேடுகளை ஆறடிக்கு ஒன்றாக வைத்தோம், ஒவ்வொன்றும் ஓரடி உயரம்.

2025 மார்ச் 11

ஆறடி பிழை. யாரும் அப்படிச் செய்யாதீர்கள். முன்சில்லு ஒரு மேட்டிலிருந்து இறங்க முன்னரே அடுத்ததில் போய் முட்டுகிறது. ஓரடி உயரத்துக்குப் பத்தடி தூரம், அதுதான் கணக்கு. முன்பு வாசித்திருந்தேன், இடம் மிச்சம் பிடிக்கலாம் என்று நெருக்கிவிட்டேன். நேற்று முழுக்க இடித்துத் திரும்பக் கட்டினோம். பெடியள் ஒரு சொல் முணுமுணுக்கவில்லை, நான்தான் அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டேன்.

2025 ஏப்ரல் 20

ஒரு மாதம் ஓடியாயிற்று. இரண்டு விசயம் எழுத வேண்டும்.

ஒன்று காயம். ஹாண்டில் பிடியின் நுனி தேய்ந்து, இரும்புக் குழாய் வெளியில் தெரியும் சைக்கிள்களைக் கவனியுங்கள். விழும்போது அந்த வட்டமான விளிம்பு வயிற்றில் குத்தினால் வெளியில் ஒரு சின்ன வளையம் மட்டும் சிவந்திருக்கும், உள்ளுக்குள் ஈரலோ குடலோ கிழிந்திருக்கலாம். எங்கள் பிள்ளை ஒன்றுக்கு அந்த வளையம் வந்தது. அழவில்லை, ஓடப் போகிறேன் என்றது. நான் விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், ஓர் இரவு வைத்துப் பார்த்து அனுப்பினார்கள், ஒன்றுமில்லை. அன்றிரவு கடையில் இருந்து பழைய பாட்டாச் செருப்புகளின் அடியை வட்டமாகச் சீவி, குழாய்க்குள் இறுக்கி அடித்து, மேலே ரியூப் துண்டைச் சுற்றி நூலால் கட்டினேன். பத்தொன்பது சைக்கிள், முப்பத்தெட்டு நுனி. இப்போது நுனி அடைக்காத சைக்கிள் மேட்டில் ஏறக்கூடாது என்பது முதல் விதி. தலைக்கவசம் இரண்டாவது. ஐந்துதான் இருக்கின்றன, மாற்றி மாற்றிப் போடுகிறார்கள்.

மற்றது தாய்மார். அந்தப் பிள்ளையின் தாய் அடுத்த நாள் வந்தபோது, திடலை மூடச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மேட்டில் ஏறி நின்று சுற்றிப் பார்த்தார். "இஞ்ச நிண்டா ரோட்டில நிக்காது. பின்னேரம் எங்க நிக்குதெண்டு எனக்குத் தெரியும்" என்றார். பிறகு மாதர் சங்கக் கூட்டத்தில் தானே எழுந்து கதைத்தாராம். அந்தக் கூட்டத்தின் தீர்மானக் கடிதம், என் மூன்று பக்கத்தைவிடக் கனம் கூடியது. ஏன் முதலிலேயே அவர்களிடம் போகவில்லை என்று இப்போது நினைக்கிறேன். பெடியளின் விளையாட்டு என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன்.

2025 மே 11

பிரதேச சபைத் தேர்தல் முடிந்தது. 6ஆம் திகதிக்கு முந்தைய மூன்று கிழமையில் எல்லாத் தரப்பிலிருந்தும் வந்து மேட்டில் நின்று படம் எடுத்தார்கள். எவருடைய மேடைக்கும் போகவில்லை, எல்லோருக்கும் எங்கள் கோரிக்கை எழுதிய ஒரே தாளைத்தான் கொடுத்தேன். ஒருவர் வென்றால் மற்றவர் இதை எதிர்க்கும் நிலை வரக்கூடாது. கடை வியாபாரத்துக்காக இவர் இதைச் செய்கிறார் என்று ஒரு கதை வந்திருக்கிறது. அச்சும் ரயரும் விற்பது உண்மைதான், அதைத் தாளிலேயே எழுதிவிட்டேன்: திடலில் உடையும் சைக்கிளுக்குத் திருத்துகூலி வாங்குவதில்லை, சாமான் காசு மட்டும்.

2025 ஜூன் 29

புதிய சபை கூடிவிட்டது. எங்கள் வட்டார உறுப்பினர் கதைத்ததும் இன்னொருவர் எழுந்து, உதைபந்தாட்டத் திடலுக்கே வேலி இல்லை, இதற்கென்ன அவசரம் என்றாராம். நான் அங்கே இல்லை. அதனால் அவர் வீட்டுக்குப் போனேன்.

எழுபதுக்குக் கிட்டிய வயது ஐயா. தேத்தண்ணி தந்தார், பிடி கொடுக்கவில்லை. விறாந்தையில் ஒரு பழைய லுமாலா சைக்கிள் நின்றது, பின்சில்லில் டைனமோ இன்னும் இருந்தது. அதைப் பற்றிக் கேட்டேன். பிறகு ஒரு மணித்தியாலம் அவர்தான் கதைத்தார். தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், வன்னிக்குப் பெற்றோலும் பற்றரியும் தடை. இரவில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வரும் கரண்டில் ரேடியோவைப் பிடித்து பி.பி.சி.யின் லண்டன் தமிழோசை கேட்டார்களாம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் மங்கி நின்றுவிடுமாம். கரியரில் பலகை கட்டி நோயாளியை ஏற்றினார்களாம், மூன்று மூட்டை நெல் ஏற்றித் தள்ளினார்களாம். "சைக்கிள்தானடா தம்பி எங்களக் காப்பாத்தினது" என்றார்.

நான் திடலைப் பற்றிப் பேசவில்லை, பின்னேரம் ஒருமுறை வாங்கோ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் வரவில்லை. வேலி விசயத்தில் அவர் சொல்வது நியாயம், அதனால் உதைபந்தாட்டக் கழகத்தோடு கதைத்து, வேலியையும் எங்கள் கோரிக்கையையும் ஒரே கடிதத்தில் சேர்த்திருக்கிறோம்.

2025 ஓகஸ்ட் 3

இதை எழுத இரண்டு நாள் யோசித்தேன்.

கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வருகிறது, மேடுகளின் தலை தேய்கிறது, பின்னேரம் தண்ணீர் தெளிப்பதே வேலை. வியாழக்கிழமை அப்படித் தெளித்துக்கொண்டிருந்தபோது ஒரு அண்ணை சக்கர நாற்காலியில் வந்து திடலுக்கு வெளியே நின்றார். தெரிந்தவர்தான். 2009இல் முள்ளந்தண்டில் காயம், இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அவருடைய நாற்காலிச் சில்லுக்கு ரியூப் மாற்றுவது நான்தான். வெகுநேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார், "இதில எனக்கும் ஏறலாமோ?"

பகிடிக்குக் கேட்கவில்லை. கண் மேட்டிலேயே இருந்தது. நாலு பெடியள் பிடித்து இறக்கினார்கள். கிரவலில் முன்னுக்கு இருக்கும் சின்னச் சில்லு புதைந்து ஓரடி நகரவில்லை. தூக்கி வெளியே விட்டோம். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். புதைந்த இடத்தில் நாலு விரல் ஆழத்தில் இரண்டு கோடு இருந்தது, அதை மூட எவனும் மண்வெட்டியை எடுக்கவில்லை.

ஸ்கேட் பார்க்கில் சக்கர நாற்காலி ஓடுவது உலகத்தில் புதிதில்லை. அமெரிக்காவில் ஆரன் ஃபோதரிங்ஹாம் என்பவர் 2006இலேயே நாற்காலியோடு காற்றில் பின்பக்கமாகச் சுற்றித் தரையிறங்கினார், அப்போது அவர் பதின்வயதுப் பையன். இது எனக்குத் தெரிந்திருந்தது, வீடியோவும் பார்த்திருக்கிறேன். தெரிந்தும், காயப்பட்ட இத்தனை பேர் இருக்கும் எங்கள் மண்ணில் ஒரு திடல் கேட்கும்போது அது நினைவுக்கு வரவில்லையே என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. எத்தனை பேர் வீட்டு விறாந்தையோடு இருக்கிறார்கள். அவர்களிடமும் இரண்டு சில்லு இருக்கிறது.

2025 ஓகஸ்ட் 5

அதனால் முன்னர் எழுதியதை மாற்றுகிறேன். மண் போதும் என்றிருந்தேன், போதாது. மண் திடல் சைக்கிளுக்கு மட்டும். ஸ்கேட் போர்டின் சின்னச் சில்லும் அதில் ஓடாது, இதை மல்லாவி வாசகருக்கு மார்ச்சிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும். தாரோ கொங்கிறீற்றோ போட்டால்தான் ஸ்கேட், சைக்கிள், நாற்காலி மூன்றும் ஓடும். மண்ணால் செய்தது வீண் என்று சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் அண்ணை வந்திருக்கவும் மாட்டார்.

பெயரையும் மாற்றியாயிற்று. ஸ்கேட் பார்க் என்றால் பாதிப்பேருக்கு விளங்கவில்லை, சைக்கிள் திடல் என்றால் அண்ணை வெளியில். சில்லுத் திடல் என்று என் மகள் சொன்னாள். விண்ணப்பத்தில் அதுதான் இப்போது.

2025 செப்டெம்பர் 21

மல்லாவி வாசகர் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். பெட்டைப் பிள்ளைகளை எப்படிக் கொண்டு வந்தீர்கள் என்று கேட்டார். நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. மத்தியப் பிரதேசத்தில் ஜன்வார் என்ற கிராமத்தில் 2015இல் ஒரு ஸ்கேட் பார்க் திறந்தார்கள். அங்கே இரண்டு விதி: பள்ளிக்கூடம் போகாவிட்டால் ஸ்கேட்டிங் இல்லை, பெட்டைகளுக்கு முதலிடம். ஆதிவாசிப் பிள்ளைகளும் யாதவப் பிள்ளைகளும் ஒன்றாக விளையாடாத ஊர் அது, ஒரே பலகையை மாற்றி மாற்றி ஓடத் தொடங்கினார்கள். இரண்டாவது விதியை அப்படியே எடுத்தோம். செவ்வாயும் சனியும் ஐந்து மணிவரை பெட்டைகள்தான், அந்த நேரத்தில் பெடியள் தண்ணீர் தெளிப்பார்கள், கரை அடிப்பார்கள். முதல் கிழமை மூன்று பேர் வந்தார்கள், என் மகளும் அவளுடைய இரண்டு கூட்டாளிகளும். இப்போது பதினாலு. முதல் விதியை எடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளை வீட்டுக் கஷ்டத்தில்தான் விட்டிருக்கும், அதைத் திடலுக்கு வெளியேயும் நிறுத்த மனம் வரவில்லை.

தொழினுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்துவிட்டார். கொங்கிறீற் என்றால் மேட்டின் வளைவைச் சரியாகப் பூசத் தெரிந்த மேசன் வேண்டும் என்றார். அது உண்மை. வீட்டு நிலம் போடுகிற மாதிரி மட்டப்பலகை பிடித்தால் வளைவு உடைந்துவிடும். கிணற்றுக்கட்டுப் பூசும் மேசன் ஒருவர் வளைவெல்லாம் தன் கைக்கு வரும் என்கிறார். அரை மேடு மாதிரிக்குச் செய்து பார்க்கப் போகிறோம்.

2025 ஒக்டோபர் 26

முதல் மழை. மேடு நனைந்தால் ஓடக்கூடாது, சில்லுத் தடம் விழுந்து காய்ந்தால் கல்லாகிவிடும். நெல் காயவிடும் படங்குகளை வீடு வீடாக வாங்கி வந்து மூடினோம், நாலு மூலையிலும் கல். அறுவடைக்கு முன்னர் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மழைக்கு முதல்நாள் அந்த ஐயா வந்தார், லுமாலாவில். மேட்டில் ஓடவில்லை, கரையில் நிறுத்திவிட்டு இருந்தார். பெடியள் டைனமோவைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவன் கேட்டு, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றினான், முன் லைற் மங்கலாக எரிந்தது. "இன்னும் வேகமா" என்றார் ஐயா.

பாதீட்டுக்கான முன்மொழிவில் சில்லுத் திடலும் உதைபந்தாட்ட வேலியும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் இருக்கின்றன. முழுத் திடலுக்குக் காணாது, முதற்கட்டமாக 20 அடி கொங்கிறீற்றும் வாசலில் சரிவான பாதையும். டிசம்பரில் வாக்கெடுப்பு. மேசன் செய்த அரை மேடு கடைக்குப் பின்னால் நிற்கிறது, சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். ஏழு நாளாவது ஈரம் காயக்கூடாது என்றார். அடுத்த வியாழன் அண்ணையை வரச் சொல்லியிருக்கிறேன்.